வெள்ளத்தாய் வார்டு

அக்டோபர் 21, சனி

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளத்தாயை இன்று வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு நல்லாங்குளத்துக் காற்று. பக்கவாதம். வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரிகிறது என்றார் டாக்டர். "பேச்சு வருமா?" என்று கேட்டேன். "வரலாம்" என்றார். வரும் என்றோ வராது என்றோ சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் இருபத்து நாலு வருஷம் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். கார்கில் சண்டையில் திராஸ் பக்கம் கூடாரத்துக்குள் நின்று, மலையிலிருந்து இறக்கிவந்த பையன்களுக்குக் கட்டுப் போட்டவன். எத்தனை பேரை எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன்! கட்டின பெண்டாட்டியை நடக்க வைக்க முடியாவிட்டால் கோட்டைச்சாமி என்ற பெயர் எனக்கு எதற்கு?

காரில் வரும்போது மகன் கதிரேசனோடு சண்டை. அவன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான், தாம்பரத்தில் வீடு. அம்மாவை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று ஒரே பிடி. நான் முடியாது என்றேன். அருப்புக்கோட்டை வரை அவனும் நானும் மாறி மாறிக் கத்தினோம். கடைசியில் ஓர் ஒப்பந்தம்.

"பொங்கல் வரைக்கும் டயம் தர்றேன்ப்பா. நான் லீவுல வரும்போது அம்மா யாரும் பிடிக்காம கட்டில்ல இருந்து பின்னாடி கக்கூஸ் வரைக்கும் நடக்கணும். இல்லேன்னா கூட்டிட்டுப் போயிருவேன். நீங்க குறுக்க நிக்கக் கூடாது."

"சரி, ஒத்துக்கிட்டேன்" என்றேன்.

வெள்ளத்தாய் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அளந்தேன். கட்டிலிலிருந்து கழிவறைக் கதவு வரை பதினெட்டு எட்டு. போகி வரைக்கும் எண்பத்தைந்து நாள். போதும்.

அக்டோபர் 22, ஞாயிறு

நோயாளி இருக்கும் இடம் வார்டு. வார்டுக்கு ஒழுங்கு வேண்டும். சுவரில் அட்டவணை ஒட்டிவிட்டேன். ஐந்தரைக்கு எழுப்புதல், பிபி, சர்க்கரை. ஆறுக்குக் கை கால் பயிற்சி. எட்டுக்குக் கேப்பைக் கூழ். பத்துக்கு மறுபடி பயிற்சி. பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் ஐந்து. டிவியைத் துணி போட்டு மூடிவிட்டேன், மூளைக்கு ஓய்வு வேண்டும்.

பெண் ஆள் ஒன்று வேண்டுமே, குளிப்பாட்ட? பக்கத்து வீட்டு மாரிக்கனி தினமும் காலையில் வந்து செய்துவிட்டுப் போகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை. வாய்தான் ஓயாது. குளிப்பாட்டும் அரை மணி நேரத்தில் ஊரில் உள்ள முக்கால்வாசி வீட்டுச் சங்கதியை ஒப்பித்துவிட்டுப் போனாள். நாளை முதல் இருபது நிமிஷம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் முடிவு செய்துவிட்டேன். பென்ஷன் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து பதினாலு வருஷமாக இந்த ஊருக்கு நான்தான் பாதி டாக்டர். கத்தி வெட்டு, சர்க்கரைப் புண், பாம்புக்கடி என்று எதுவானாலும் "மிலிட்டரியக் கூப்பிடு" என்பார்கள். கட்டுப் போட்டு, ஆம்புலன்சில் கூடவே ஏறிப் போவேன். இனிமேல் அது கிடையாது. செப்டம்பர் 28 அன்று நான் ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் எவனுக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். இவள் அடுப்படியில் விழுந்து கிடந்தாள். பதினொன்றரைக்குத்தான் வந்து பார்த்தேன். காலையில் நான் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள். இனி இந்த வாசற்படியைத் தாண்டி யாருக்காகவும் போகமாட்டேன். சாமி மேல் சத்தியம் பண்ணிவிட்டேன்.

அக்டோபர் 26, வியாழன்

பிபி 150/90. சர்க்கரை 168. வலது கை விரல் அசைவு: இல்லை. பேச்சு: இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

நவம்பர் 1, புதன்

கோழிக் கூட்டின் தகரம் பிய்ந்துவிட்டது, ஆணி அடித்தேன். சமையல் ஒரு மாதிரி பழகிவிட்டது. ரசம் மட்டும் வெந்நீராகத்தான் வருகிறது. வெள்ளத்தாய் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வைக்குப் பேச்சே தேவையில்லை.

காலைப் பயிற்சியில் விசில் வைத்துக்கொள்கிறேன். ஒரு விசிலுக்குக் கால் மடக்கு, இரண்டுக்கு நீட்டு. இன்று மூன்றாம் தடவை விசில் ஊதியதும் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் எனக்கு ஒரு சல்யூட் அடித்தாள்! இடது கையால் சல்யூட் அடிக்கக் கூடாது என்று சொன்னேன். ஆனாலும் கை நெற்றிக்குச் சரியாகப் போயிருக்கிறது, நிதானம் இருக்கிறது. நல்ல முன்னேற்றம்.

மாரிக்கனி கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. மதினிக்குக் கை காலுதான் விளங்கல, உசுரு இருக்குல்ல? இப்பிடி எழவு வீடு மாதிரி சத்தமில்லாம வச்சிருக்கீகளே. சின்னப் பிள்ளைகளக்கூட உள்ள விட மாட்டேங்கிறீக."

"உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. நான் சொல்லச் சொல்ல மதினி வெரலு ஆடுது, அது மட்டும் தெரியும்."

நான் சோதித்தேன். ஆடவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. கதிரேசனுக்கு லீவு கிடைக்கவில்லை, போனில் முகம் பார்த்துப் பேசினான். "அம்மா நடக்குதாப்பா?" என்றான். "நடக்கும்" என்றேன். ஒரு துண்டு அதிரசம் கொடுத்தேன், சர்க்கரை ஏறினாலும் பரவாயில்லை என்று. அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

நவம்பர் 15, புதன்

இன்று கத்திவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நில் என்று எட்டுத் தடவை சொன்னேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "உனக்காகத்தான நான் இவ்வளவும் பண்றேன்? கொஞ்சமாச்சும் மனசு வேண்டாமா?" என்று வீடு அதிரக் கத்தினேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வெளியே போய்ச் சாக்கடையை மண்வெட்டியால் அள்ளினேன். அள்ள வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 20, திங்கள்

நாலரை மணிக்கு டீக்கடை முனியாண்டி வந்தான். கொதிக்கிற பால் கையில் கொட்டி, மணிக்கட்டு வரை தோல் உரிந்து தொங்குகிறது. "மிலிட்டரி, ஒரு கட்டு மட்டும் போட்டு விடுங்க" என்றான். சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை, போய்விட்டான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

உள்ளே வந்தால் வெள்ளத்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கூழும் வேண்டாம், தோசையும் வேண்டாம். அவளுக்கு என் மேல் கோபம். அன்றைய காலையை நினைத்துத்தான் கோபம். வேறு எதற்காக இருக்கும்?

அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

பிபி 160/96. என்னுடையது. அவளுடையது 140/86.

டிசம்பர் 2, சனி

சாத்தூரில் ஃபிசியோதெரபி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்தாய் ஆறு எட்டு நடந்தாள்! ஆறு! ஏழாவதில் முழங்கால் மடங்கிவிட்டது, நான் தாங்கிக்கொண்டேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன், இளித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "காலு பரவாயில்ல சார், பேச்சுத்தான் பின்தங்குது. வீட்டுல நாலு பேர் வந்து போகட்டும். சத்தமாப் பேசுங்க, சண்டை போடுங்க, டிவி ஓடட்டும். காதுல பேச்சு விழுந்தாத்தான் வாய்க்கு வரும்" என்றாள். சின்னப் பெண். படித்ததை ஒப்பிக்கிறாள். ஓய்வின் அருமை தெரியவில்லை.

இன்னும் நாற்பத்து மூன்று நாள்.

டிசம்பர் 4, திங்கள்

டிவித் துணியை எடுத்தேன். சும்மா, தூசி தட்டுவதற்காக. எடுத்ததை மறுபடி போடவில்லை.

டிசம்பர் 8, வெள்ளி

நேற்று எழுதக் கை வரவில்லை. இப்போது மத்தியானம், சோறு வடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று மாலை நாலு மணி. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. முனியாண்டி ஓடிவந்தான். கையில் எவனோ போட்டுவிட்ட கட்டு, அழுக்காகத் தொங்குகிறது.

"மிலிட்டரி! கண்மாய்க் கரையில லோடு ஆட்டோ கவுந்திருச்சு. மொளகா பிடுங்கப் போன பொம்பளைக. பதினோரு பேரு."

"108க்குப் போன் போடு."

"போட்டாச்சு. கரையெல்லாம் சகதி, வந்து சேர முக்கா மணி நேரமாகுமாம். நம்ம மாரிக்கனியும் அதுலதான் இருக்கு. வாங்க, சீக்கிரம்!"

நான் நிலைப்படியில் நின்றேன். கால் ரெண்டும் போகப் பார்க்கிறது. மனசு பிடித்து இழுக்கிறது. "வரமாட்டேன் முனியாண்டி. இவளத் தனியா விட்டுட்டு வரமாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றேன். அவன் நம்ப முடியாமல் என்னையே பார்த்தான். பிறகு அவன் பார்வை என் தோளுக்கு மேலே போயிற்று. வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

எனக்குப் பின்னால் காலைத் தேய்க்கிற சத்தம். திரும்பினால் வெள்ளத்தாய்! வாக்கர் கட்டிலோரத்தில் நிற்கிறது. இவள் சுவரைக்கூடப் பிடிக்கவில்லை. வலது காலை அரைவட்டமாக இழுத்து இழுத்து வைத்து, கூடத்தைத் தாண்டி வந்துவிட்டாள். மூச்சு இரைக்கிறது. முகமெல்லாம் வேர்வை. ஓடிப் பிடிக்கப் போனேன். இடது கையை என் நெஞ்சில் ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினாள்.

"போ" என்றாள்.

முப்பத்து மூன்று வருஷத்தில் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. எழுபது நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல்லும் அதுதான். "போ!" என்றாள் மறுபடியும், வாசலைக் காட்டி.

"நான் மதினி கூட இருக்கேன். இந்தக் கைய வச்சுக்கிட்டு அங்க நான் என்ன பண்ணப் போறேன்? போங்க மிலிட்டரி" என்றான் முனியாண்டி.

போனேன். என் ஐம்பத்தேழு வயதுக்கு அந்த ஓட்டம் அதிகம்தான்.

கண்மாய்க் கரையில் ஒரே ஓலம். ஆட்டோ மல்லாக்கக் கிடக்கிறது, சாக்கெல்லாம் பிரிந்து மிளகாய் சிதறிக் கிடக்கிறது. ஒருத்திக்குக் கை முறிந்திருக்கிறது, ஒருத்திக்கு மண்டையில் ரத்தம், இன்னொருத்தி "ஐயோ என் காலு" என்று கண்மாய்க்கே கேட்கிற மாதிரி அலறுகிறாள். எல்லோரும் என்னை அந்தப் பக்கம் இழுக்கிறார்கள். நான் மாரிக்கனியைத் தேடினேன். அவள் ஒதுங்கி, கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கீறல் இல்லை. பேசவும் இல்லை.

திராஸில் எங்கள் மேஜர் முதல் நாளே சொல்லித் தந்தது இது. ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக வரும்போது கத்துகிறவனிடம் முதலில் போகாதே, கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. சத்தம் போடாமல் கிடக்கிறவனைப் போய்ப் பார். மாரிக்கனி வாயை மூடிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. ஓடிப் போய் நாடியைப் பிடித்தேன். நூலாக ஓடுகிறது. கை ஜில்லென்று இருக்கிறது. வயிற்றை லேசாக அமுக்கினதும் முனகினாள். "எனக்கு ஒண்ணுமில்லண்ணே, தூக்கந்தான் வருது. அவுகளப் பாருங்க" என்றாள். உள்ளே ரத்தம் கசிகிறது என்று தெரிந்துவிட்டது. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்து, தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். முதல் ஆம்புலன்சில் இவள்தான் ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஏற்றினேன். மற்றவர்களின் சொந்தக்காரர்கள் என்னைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

இன்று காலை மதுரையிலிருந்து அவள் புருஷன் போன் பண்ணினான். மண்ணீரல் கிழிந்திருந்ததாம். ஆபரேஷன் முடிந்தது, பிழைத்துக்கொண்டாள். இன்னும் அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் கையை விரித்திருப்பார்களாம். "நீங்கதான்ணே சாமி" என்று அழுதான்.

நான் சாமி இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 28, காலை ஆறு நாற்பது. வெள்ளத்தாய் காப்பி கொண்டுவந்தாள். டம்ளர் அவள் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் தன் கையையே, யாரோ ஒருத்தியின் கை மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். "கை மரமரன்னு இருக்குங்க" என்றாள். வாய் ஒரு பக்கமாக லேசாக இழுத்திருந்தது. நான் பார்த்தேன். இருபத்து நாலு வருஷ நர்சிங் அசிஸ்டென்ட், கண்ணால் பார்த்தேன். அதே நேரம் போன். விலக்கு ரோட்டில் ஒருத்தன் பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்து கிடக்கிறான், அவன் அலறுவது போனிலேயே கேட்கிறது. "கைய உதறி விடு, சரியாப் போயிரும். வந்து பாக்குறேன்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். கத்தினவனிடம் போனேன். சத்தம் போடாதவளை வீட்டில் விட்டேன்.

அப்போதே கிளம்பியிருந்தால் எட்டரைக்கு மதுரை. ரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார். "ஏழு மணிக்கு நான் கிளம்பும்போது நல்லாத்தான் சார் இருந்தா" என்றேன். அவரிடம் சொன்னேன், கதிரேசனிடம் சொன்னேன், இந்த நோட்டிலும் எழுதியிருக்கிறேன். பொய். அவ்வளவும் பொய்.

டிசம்பர் 9, சனி

அட்டவணையைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

டிசம்பர் 16, சனி

காலையில் முனியாண்டிக்குக் கட்டு மாற்றினேன். பத்து மணிக்குச் சர்க்கரை பார்க்க ஐந்து பேர். வெள்ளத்தாய் நாற்காலியைக் கூடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொருத்தரும் அவளிடம் வீட்டுக் கதை சொல்கிறார்கள், அவள் தலையை ஆட்டுகிறாள், முறைக்கிறாள், சிரிக்கிறாள். வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனாலும் சிரிப்பு.

மத்தியானம் எவன் வீட்டதோ ஒரு ஆடு வந்து கறிவேப்பிலைச் செடியில் வாய் வைத்தது. "சனியனே!" என்றாள் வெள்ளத்தாய், கணீரென்று. இரண்டாவது சொல். கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆடு போகவில்லை.

டிசம்பர் 27, புதன்

சொற்கள்: சோறு, தண்ணி, கதிரு, உப்பு இல்ல, போதும், கிறுக்கு. கடைசிச் சொல் எனக்கு.

ஜனவரி 5, வெள்ளி

பதினெட்டு எட்டு! கட்டிலிலிருந்து கழிவறைக் கதவு வரை, வாக்கர் இல்லாமல், நான் தொடாமல். போய், திரும்பியும் வந்தாள். நான் விசில் அடித்துவிட்டேன், வாயால். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மாரிக்கனி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். பளு தூக்கக் கூடாது. பேச்சுக்குத் தடை ஒன்றும் இல்லை போலிருக்கிறது, வந்த நிமிஷத்திலிருந்து இங்கேதான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

வரட்டும் கதிரேசன்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. பதினோரு மணிக்குக் கதிரேசன் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். மருமகள் பொங்கலுக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அம்மா "கதிரு" என்றதும் அவன் குழந்தை மாதிரி விசும்பிவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இரு, இதப் பாரு. தாயி, எந்திரி. நடந்து காட்டு" என்றேன்.

வெள்ளத்தாய் எழுந்திருக்கவில்லை.

"மறந்துட்டியா? அன்னிக்கு நடந்தேல்ல, அதே மாதிரி. எந்திரி."

உதட்டை இறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டேன்கூட. அசையவில்லை.

"விடுங்கப்பா. பேச்சு வந்ததே பெருசு. அங்க வந்தா மிச்சமும் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுக் கதிரேசன் பீரோவைத் திறந்து அவளுடைய சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைக்க ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது சேலையில் என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது.

"கதிரு, நான் அன்னிக்குப் பாத்தேன்டா. அவ கையில இருந்து டம்ளர் விழுந்ததப் பாத்தேன். வாய் கோணுனதையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். டாக்டர்கிட்டயும் உன்கிட்டயும் பொய் சொன்னேன். இவள இங்க வச்சிக்கிறேன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனாலும் சொல்றேன்."

அவன் கையில் சேலையோடு நின்றான். "ஏன்ப்பா சொல்லல?"

"சொல்ல வாய் வரல."

"அம்மாவுக்கே வாய் வந்திருச்சு" என்றான். சேலையைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டான். கார் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

நான் வெள்ளத்தாயின் காலடியில், தரையில் உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தெரியும்" என்றாள்.

"நான் பாத்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கோவமா தாயி?"

யோசித்தாள். அவள் யோசித்தது எனக்குப் பிடித்திருந்தது, சட்டென்று இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். "இருக்கு" என்றாள். பிறகு, "போகும்" என்றாள். நான் அழுதேன். திராஸில்கூட அழாதவன் நான். அவள் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள்.

கதிரேசன் கண் சிவந்து உள்ளே வந்தான். "சரிப்பா. இப்ப என்ன பண்ணலாம்னு சொல்லுங்க" என்றான். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவனும் குறுக்கே பேசினான். தாம்பரம், ஃபிசியோதெரபி, சித்திரை வரைக்கும், அதெல்லாம் முடியாது என்று பழையபடி இருவர் குரலும் ஏறிவிட்டது.

டொம் என்று ஒரு சத்தம். வெள்ளத்தாய் இடது கையால் நாற்காலியின் கையைக் குத்தியிருந்தாள்.

"கேளு" என்றாள்.

"என்னம்மா கேக்கணும்?"

"என்னை. என்னைக் கேளு."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எண்பத்தைந்து நாள். காரில் பேரம் பேசினோம், எட்டு அளந்தோம், நாள் எண்ணினோம். உனக்கு எங்கே இருக்க வேண்டும் என்று அவளை நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

கதிரேசன் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். "சொல்லும்மா. உனக்கு எங்க இருக்கணும்?"

"இங்க" என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. அவள் முடிக்கவில்லை. இடது கையின் ஐந்து விரலையும் விரித்தாள், மடக்கி மறுபடி விரித்தாள். "பத்து நாளு... அங்க. உன்கூட."

"சரிம்மா! அப்பாவும் வரட்டும், என்ன?"

வெள்ளத்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வேண்டாம்" என்றாள். பிறகு மகனிடம், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து, "படுத்துறாரு" என்றாள்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாரிக்கனி, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, மதினி, சிரிக்க வைக்காதீக, பிரிஞ்சிரும்!" கதிரேசனும் சிரித்தான். எனக்கு வலித்தது. வலித்தாலும் நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அவள் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். "வெல்லம்", "போதும்", "கிண்டு". நன்றாகவே வந்தது. காலையில் கட்டிலிலிருந்து எழுந்து, யாரும் கேட்காமல், கழிவறைக்குத் தானே போய்விட்டு வந்தாள். கதிரேசன் பல் விளக்கிக்கொண்டே பார்த்தான். நான் எட்டு எண்ணவில்லை.

ஜனவரி 17, புதன்

ஏழரைக்குக் கிளம்பினார்கள். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். விசிலைப் பெட்டியில் வைக்கவில்லை.

கட்டிலிலிருந்து கார் வரை அவளே நடந்தாள். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். பிடிக்கப் போன கதிரேசனை நான் தடுத்தேன். என் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அவை தாமாகவே போயிருக்கும். இடது காலை இறக்கினாள், வலது காலை இழுத்து வைத்தாள், இறங்கிவிட்டாள். முன் சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். முனியாண்டி, மாரிக்கனி, தெருவே நின்றது.

கண்ணாடியை இறக்கச் சொன்னாள். இத்தனை நாளும் ஒரு சொல், இரண்டு சொல், அதுவும் தட்டித் தடவித்தான் வந்தது. இப்போது என்னைப் பார்த்து ஒரே மூச்சில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாள்:

"போயிட்டு வாறேங்க."

கார் திரும்பி விலக்கு ரோட்டில் ஏறி மறைகிற வரை நின்றேன். பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க, ஒவ்வொரு லீவு முடிகிறபோதும், பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அதே சொல்லை நான் சொல்லிவிட்டுப் போவேன். திராஸுக்கு முந்தின லீவிலும் சொன்னேன். அவள் இந்த வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த நேரத்தில் இங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இன்றைக்குத் தெரிந்தது.

வந்ததும் கேட்பேன். இன்னும் பத்து நாள் இருக்கிறது. உள்ளே சர்க்கரை பார்க்க மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.